இடது இறக்கைக் குழாய்

என் வீட்டுக்காரர் ஆகாய விமானம் கட்டினார் என்று சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளில், மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய குடோனில், ஏழு வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எஸ்டேட் கராஜில் மெக்கானிக் வேலை. அதற்கு முன் பதினைந்து வருஷம் விமானப்படையில், இறக்கைக்கும் வாலுக்கும் ஒட்டுப்போட்ட கை. அடுத்தவன் ஏறிப் பறப்பதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது, மீதியில் ஒரு தடவையாவது நானே கட்டினதில் நானே ஏறணும் என்பார். அதற்காகவே லீவு போட்டு ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தார். ஒற்றை ஆள் உட்காரும் விமானம். மரச் சட்டம், மேலே துணி, மூக்கில் ஒரு பழைய எஞ்சின். அனுமதிக்காக எழுதிய கடிதங்களைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு.

நான் ஏற்காட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் பௌதிக டீச்சர். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பெயர் எடுத்தவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பிற்பாடும் பிறக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் தொட்டில் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். சொந்தக்காரர்கள் விசாரித்தால் அவர் முந்திக்கொண்டு, எங்களுக்கு அந்த நெனப்பே இல்லீங்க, இந்த ஏரோப்ளேனைக் கட்டவே நேரம் பத்தல என்று சொல்லிவிடுவார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கும் அவர் சொன்னதில் சந்தேகம் வந்ததில்லை. மனுஷனுக்கு ஒரு ஆசைதான் போலிருக்கிறது, அது குடோனில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது வருஷம் எல்லாம் முடிந்து ஒரு குழாய் மட்டும் பாக்கி நின்றது. பிட்டோ குழாய் என்பார்கள். பென்சில் தடிமன்தான் இருக்கும். இறக்கைக்கு அடியில் எதிர்க்காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சைக்கிளில் இறக்கத்தில் போனால் முகத்தில் காற்று அறைகிறதல்லவா, அந்த அறையை வாங்கி உள்ளே ஒரு முள்ளுக்கு அனுப்புவது அதன் வேலை. முள் வேகத்தைக் காட்டும். மேலே போனபிறகு சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதெல்லாம் கதைக்கு ஆகாது. காற்றைக் கிழித்துக்கொண்டு எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது ஒன்றுதான் கணக்கு. அது குறைந்தால் இறக்கை தாங்காது, கல் மாதிரி விழும். கம்பெனியில் செய்த விமானம் என்றால் எந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஓட்டிப் பழகினவர்கள் சொல்வார்கள். குடோனில் கட்டினதற்கு யார் சொல்வார்கள்? முள்தான் சொல்ல வேண்டும். முள்ளுக்குக் குழாய் சொல்ல வேண்டும். குழாய் பொய் சொன்னால் என் தாலிக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் அந்தக் குழாயை நான் தேர்ந்தெடுப்பேன் என்று அடம் பிடித்தேன். காற்றழுத்தம் என் பாடம், ஸ்பானர் பிடிக்கிறவர் அதில் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையில் ஏற்கனவே ஒன்று இருந்தது. சேலத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கிற கடையில் பொறுக்கியது. ஏதோ ஒரு படை விமானத்திலிருந்து கழற்றியது, கட்டைவிரல் தடிமன், உள்ளே பனி உறையாமல் இருக்கச் சூடேற்றும் கம்பிச் சுருள் வேறு. எங்கள் விமானத்தில் அதற்குக் கொடுக்கக் கரண்டே கிடையாது. இருந்தாலும் அதை மல் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மாமியார் ஊட்டுச் சீர் மாதிரி அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். நான் கொண்டுவந்தது பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கிய வெறும் செப்புக் குழாய். அதன் வாயை உட்பக்கமாக அரத்தால் ராவி, ஓரத்தைக் கத்தி மாதிரி மெலிசாக்கியிருந்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை.

பரீட்சை வைத்தோம். மலை மேல் ஐம்பது கஜம் நேராக ஓடுகிற ரோடு கிடையாது, அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினோம். ஜீப்புக்கு முன்னால் ஒரு ஆள் நீளத்துக்கு மூங்கிலை நீட்டி, அதன் நுனியில் இரண்டு குழாயையும் கட்டினோம். அவற்றிலிருந்து வருகிற ரப்பர் டியூப் என் மடியில் இருக்கும். மடியில் பலகை, பலகையில் வளைத்துக் கட்டிய கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் சிவப்பு மை கலந்த தண்ணீர். மணிக்கு அறுபது கிலோமீட்டர் போனால் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் ஏறும், அவ்வளவுதான். அந்த ஒன்றரை சென்டிமீட்டரை ஆடுகிற ஜீப்பில் உட்கார்ந்து படித்தேன் பாருங்கள், எனக்கு ஒரு மெடல் தந்திருக்க வேண்டும். டீக்கடையில் ஒருவர், மருந்து அடிக்கிற மெசினுங்களா என்று கேட்டார். இவர் ஆமாங்க என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

நேராகப் பிடித்தால் இரண்டும் ஒரே கணக்குதான் காட்டின. ஆனால் விமானம் மெதுவாகும்போது மூக்கு மேலே தூக்கும். விழுகிற நேரம் அதுதான். குழாயும் அப்போது காற்றைச் சாய்வாகப் பார்க்கும். அதனால் மூங்கில் நுனியில் குழாய்களைச் சாய்த்துக் கட்டி ஓட்டினோம். படைக் குழாய் உடனே பின்வாங்கிவிட்டது. அறுபதில் போனால் ஐம்பத்தைந்து என்றது. என் செப்புக் குழாய் அசையவே இல்லை. எந்தச் சாய்வில் எந்தக் குழாய் எவ்வளவு தப்புகிறது என்று பரீட்சைத் தாளில் கட்டம் போட்டு எழுதி, அவர் முன்னால் வைத்தேன்.

"இது போர் விமானத்துல பறந்தது, டீச்சரம்மா" என்றார்.

"அப்ப போருக்குப் போறப்ப இதைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றேன்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டுப் போய்ப் பார்த்தால், இடது இறக்கைக்கு அடியில் என் செப்புக் குழாய் ஏறியிருந்தது. நான் ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தேன், அவ்வளவுதான். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். வாய் திறந்து கிடந்தால் பூச்சி பொட்டு புகும், சிவப்புத் துணியில் ஒரு உறை தைத்துக் கொடு என்றார். சரி என்றேன். பரீட்சைத் தாள் திருத்தும் காலம், மூன்று வாரம் தள்ளிப்போயிற்று.

மார்ச் மாசக் கடைசியில் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். மழை பெய்து காப்பி பூத்து மலையெல்லாம் வாசம். குடோனின் ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் பெண்கள் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்குவார்கள். அன்றைக்கு எல்லோரும் போய், அவர்களுக்கு மூத்தவரான ஒரு அக்கா மட்டும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கராஜில் இருந்தார். நான் உறையை மாட்டக் குனிந்தேன். குழாயின் வாயில் ஒரு குளவி. வாயில் செம்மண் உருண்டையை வைத்துக்கொண்டு, கொத்தனார் பூசுகிற மாதிரி ஓரத்தில் வைத்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணிமைக்காமல் பார்த்தேன். உள்ளே முட்டை வைத்து, புழு பிடித்துப் போட்டு, கடைசியாக வாயை அடைக்கிறது. நான் அவ்வளவு பாடுபட்டு ராவின வாய், அளவெடுத்த மாதிரி அதற்குப் பொருந்திவிட்டது.

எங்கள் பக்கம் குளவி வீட்டில் கூடு கட்டினால் யாரும் கலைக்க மாட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள்கூட அந்த ஒரு சாண் சுவரை விட்டுவிட்டுச் சுற்றி அடிப்பார்கள். கூடு கட்டின வீட்டில் ஒரு பெண்ணுக்கு வயிறு திறக்கும் என்று நம்பிக்கை. இதை எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சொன்னபோது, குளவி அதன் பிள்ளைக்குத்தான் மண் சுமக்கிறது, உன் அத்தை பிள்ளைக்கு இல்லை என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவள் நான். ஊருக்குத்தானே உபதேசம்.

என் கை நீளவில்லை. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த அக்கா விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து பார்த்தார். அவருக்கு எங்கள் கதை தெரியும், மலையில் யாருக்குத்தான் தெரியாது?

"தொடாத விட்ருங்க கண்ணு" என்றார். "நெனச்ச எடத்துல எல்லாம் கட்டாதுங்க அது. சாமி கண்ணத் தொறந்திருக்குது."

பேசியிருந்தால் அழுதிருப்பேன். மனசுக்குள் கணக்கு மட்டும் போட்டேன். டீச்சர் புத்தி போகுமா? குளவி வெளியே வர ஒரு மாசம். விமானம் பறப்பது மே கடைசியில். நடுவில் நிறைய நாள் இருக்கிறது. அது போனபிறகு நானே சத்தமில்லாமல் மண்ணைச் சுரண்டி, குழாயைக் கழுவி, ஊதிப் பார்த்து வைத்துவிடலாம். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு நாள் கழித்து மண் காய்ந்ததும் உறையை மாட்டினேன். கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்து, நுனியில் கத்தரியால் ஒரு துளை வைத்து, மறுபடி மாட்டினேன். வெளியே வருகிற குளவிக்கு வழி வேண்டுமே. பௌதிகம் படித்தவள் செய்கிற காரியமா இது?

பத்து நாள் ஒரு மாதிரி சந்தோஷமாகவே இருந்தேன். பொய் சொல்லக் கூடாது. வகுப்பில் ஒருத்தியையும் திட்டவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கையில் கடுதாசியோடு வீட்டுக்கு ஓடி வந்தார். கீழே சமவெளியில் ஒரு ஆலைக்காரர் தன் சொந்த ஓடுதளத்தில் பறந்து பார்க்க இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஓடுதளத்தைக் கொத்திப்போட்டுப் புதுசாகத் தார் போடப் போகிறார்களாம். வந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வா, இல்லாவிட்டால் மழைக்காலம் போய்த் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். இவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. சனிக்கிழமை லாரி சொல்லிவிட்டேன் என்றார். குளவி வெளியே வர இன்னும் இருபது நாளாவது பாக்கி.

வியாழக்கிழமை சாயங்காலம் குடோனுக்குத் தனியாகப் போனேன். உறையைக் கழற்றிவிட்டுத் தலையிலிருந்து ஊசியை உருவினேன். ஒரு குத்து, உள்ளே ஒரு நெம்பு, அவ்வளவுதான் வேலை. ஊசி நுனியை மண்ணில் வைத்தும் விட்டேன். பூனைக்குட்டி கழுத்தில் கத்தி வைத்த மாதிரி இருந்தது. என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். மூடமே, ஒரு புழுவுக்காகப் புருஷனைக் கொல்லப் பார்க்கிறாயா என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டுவிட்டு ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு, உறையை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம், அதைத்தானே கேட்கிறீர்கள்? சொல்லவே முடியாமல் இருந்ததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சொன்னால் எனக்கு எவ்வளவு ஏக்கம் என்று தெரிந்துவிடும். நெனப்பே இல்லீங்க என்று ஊருக்கெல்லாம் சொல்லி என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிற மனுஷன். அவர் மனசில் இல்லாத ஒரு குறையை நானே கொண்டுபோய் இறக்கிவைத்த மாதிரி ஆகிவிடும். ஒன்பது வருஷம் மூடி வைத்ததை ஒரு குளவிக்காக எப்படித் திறப்பது? அதற்குப் பயந்து வெள்ளியும் சனியும் குடோன் பக்கமே போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் லாரி வந்தது. இறக்கைகளைக் கழற்றிப் பழைய மெத்தையிலும் சாக்கிலும் சுற்றி ஏற்றி, வீட்டுக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், அவர் பின்னால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், அன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதை அனுபவித்தேன். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நின்றது. அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாக என்று கடைக்காரரிடம் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு மறுபடி லாரியில் ஏறிக்கொண்டேன்.

ஞாயிறு விடிந்து வெளிச்சம் வந்ததும் ஓடுதளத்தில் இறக்கைகளை மாட்டினார்கள். ஆலையிலிருந்து வந்த நான்கு ஆட்கள் கூடமாட உதவினார்கள். காற்றே இல்லை, இலை அசையவில்லை. எஞ்சினை ஒரு தடவை போட்டுப் பார்த்து நிறுத்தினார். அப்புறம் விமானத்தைச் சுற்றி வர ஆரம்பித்தார். படையில் பழகின பழக்கம், வலது சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுக்கொண்டே வருவார், தொடாமல் எதையும் தாண்ட மாட்டார். நான் இடது இறக்கைக்குப் பக்கத்தில் நின்றேன். இங்கே வந்து உறையைக் கழற்றுவார், பார்ப்பார், அவரே கேட்பார், அப்போது தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று ஒரு கோழைக் கணக்கு.

வந்தார். இறக்கை நுனியைத் தட்டிப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். சிவப்பு உறை முகத்துக்கு நேராகத் தொங்கியது. அதைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டார்.

ஏழு வருஷத்தில் ஒரு ஆணியைத் தொடாமல் தாண்டாத மனுஷன், இன்றைக்கென்று மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நாலு எட்டில் ஓடி அவர் சட்டையைப் பிடித்தேன். ஆலை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"ஏனுங்க, ஏறாதீங்க" என்றேன். "அந்தக் குழாய் அடைச்சுக் கிடக்குது. குளவி கட்டியிருக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உறை போட்டு மறைச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"உறையப் போட்டு, அதுல குளவி போறதுக்கு வாசலும் வெச்சுட்டு, மறைச்சேன்னு சொல்ற" என்றார். "எனக்குக் கண்ணு இல்லையா, டீச்சரம்மா?"

கையைப் பிடித்து வலது இறக்கைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அடியில் அந்தத் தடிமன் படைக் குழாய் மினுமினுவென்று ஏறியிருந்தது. நான் தலைவலி என்று படுத்திருந்த இரண்டு நாளில், செப்புக் குழாய்க்குப் போகிற டியூப்பைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, இதிலிருந்து புதிதாக இழுத்து முள்ளோடு இணைத்திருந்தார். அது மட்டும் இல்லை. உள்ளே உட்காரும் இடத்தைக் காட்டினார். வேகமுள்ளுக்குப் பக்கத்தில் என் பரீட்சைத் தாள் ஒட்டியிருந்தது. சாய்ந்தால் இந்தக் குழாய் எவ்வளவு குறைத்துச் சொல்லும் என்று நான் எழுதிய கட்டம். அதில் மூன்று எண்களைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார்.

அப்பாடா என்று வந்தது பாருங்கள் ஒரு மூச்சு, அது எந்த வருஷத்து மூச்சோ தெரியாது. அந்தத் தாரிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பதை அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இடது பக்கம் போய் உறையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். காற்றில் படபடக்கும், நீ வெச்சுக்க, உள்ளே இருக்கிறதும் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு வரட்டும் என்றார். ஆலை ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பறந்தார். எல்லோரும் கேட்பது அதைத்தான், எனக்குத்தான் சொல்ல அதிகம் இல்லை. ஓடினார், வால் தூக்கியது, சக்கரம் தரையை விட்டது, கீழே வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் கும்பிட்டேன். ஓடுதளத்தைச் சுற்றி இரண்டு வட்டம், மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது ஒரு தடவை குதித்து, மறுபடி குதித்து, அப்புறம் ஓடி நின்றது. ஆலை ஆட்கள் கை தட்டினார்கள். நான் செருப்பு ஒரு பக்கம் போக ஓடினேன். அவர் இறங்கி வந்ததும் முதலில் சொன்னது, உன் கணக்கு ஒரு முள் பிசகல என்பதுதான். இதைவிட ஒரு டீச்சருக்கு என்ன வேண்டும்? குளவியும் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து, குடோனில், மண்ணில் ஒரு துளை போட்டுக்கொண்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

லாரி வரக் காத்திருந்தபோது இடது இறக்கை நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தேன். கொண்டுவந்த இட்லியை அதுவரை யாரும் தொடவில்லை. அவர் நாலு இட்லி தின்றார், நான் ஆறு தின்றேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து சோறு இறங்காத வயிறு. பசி அடங்கினதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கூடு இருப்பது இவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். நான் உறை மாட்டுவதற்கு முந்தின நாளே பார்த்தாராம். அப்போது மண் ஈரமாகத்தான் இருந்ததாம். ஒரு விரலால் வழித்து எறிந்திருந்தால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு, ஆசை ஆசையாகப் பறக்கப் போகிற சமயத்தில், எதற்கு இரண்டு நாள் முதுகு ஒடிய இறக்கையைப் பிரித்துப் புது டியூப் இழுத்து, பரீட்சையில் தோற்ற குழாயை மாட்ட வேண்டும்? எனக்காகப் பாவம் பார்த்தார் என்று பட்டது. அதுதான் சுருக்கென்று தைத்தது. கோபமாகவே கேட்டேன்.

"எனக்கு நெனப்பே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்ற ஆளு, அதை ஏன் கலைக்காம விட்டீங்க?"

அவர் கையில் இருந்த இட்லியைப் போசியில் வைத்தார். என்னைப் பார்க்காமல் ஓடுதளத்தின் கோடியைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு விட்டியோ, அதுக்குத்தான் கண்ணு" என்றார்.